வாடகையை அப்புறம் பேசலாம், முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கோவா விமான நிலையத்தில் இறங்கி, டிரைவர் இல்லாமல் நாமே ஓட்டிக்கொள்கிற வாடகைக் கார் எடுப்பது பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கோவை வாசகர்: நண்பர்கள் நாலு பேர் அக்டோபரில் கோவா போகிறோம். இன்ஸ்டாகிராமில் ஒருவர் ஸ்விஃப்ட் காரை நாளுக்கு 900 ரூபாய்க்குத் தருகிறேன், ஏர்போர்ட் வாசலுக்கே கொண்டுவருகிறேன் என்கிறார். விமான நிலையத்துக்குள் கவுண்டர் வைத்திருக்கும் கம்பெனியின் ஆப்பில் அதே காருக்கு இரண்டு மடங்கு காட்டுகிறது. மலிவாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

விட வேண்டாம். மலிவாகக் கிடைப்பதில் ஒரு தப்பும் இல்லை. சீசன் இல்லாத மாதங்களில் ஒழுங்கான ஆட்களே சின்ன கார்களை ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கொடுக்கிறார்கள், அதனால் 900 என்று சொன்னதற்காக அந்த ஆளை நான் சந்தேகப்பட மாட்டேன். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம்பர் பிளேட் என்ன நிறம்?

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது சுயமாக ஓட்டுவதற்கென்றே பர்மிட் வாங்கி வாடகைக்கு விடுகிற வண்டி. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால் டாக்ஸி, அதை டிரைவரோடுதான் எடுக்க முடியும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் உங்கள் வீட்டுக் கார், என் வீட்டுக் கார் மாதிரி சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதை வாடகைக்கு விடக்கூடாது. கோவாவில் மலிவாக வருகிற விளம்பரங்களில் ஒரு பங்கு இந்த வெள்ளை பிளேட் வண்டிகள்தான். பர்மிட் கிடையாது, வணிக வாகன வரி கிடையாது, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கிடையாது, கம்மியான இன்சூரன்ஸ் பிரீமியம். இவ்வளவும் மிச்சம் பிடித்தால் அவரால் குறைந்த விலைக்குக் கொடுக்க முடியாதா என்ன?

போலீஸ் பிடித்தால் பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் வரும், வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அபராதம் உரிமையாளர் தலையில் என்று வைத்துக்கொண்டாலும், பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிற்கப் போவது நீங்கள். ஆனால் நான் அதற்குப் பயப்படச் சொல்லவில்லை. பயப்பட வேண்டியது இன்சூரன்ஸுக்கு. சொந்த உபயோக வண்டியின் பாலிசியை எடுத்துப் படித்தால், வாடகைக்கோ வேறு பிரதிபலனுக்கோ ஓட்டினால் பாலிசி செல்லாது என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் 900 ரூபாய் கொடுத்து எடுத்த வண்டி மரத்தில் மோதினால், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விஷயம் தெரிந்த நிமிஷம் கிளெய்ம் நிராகரிக்கப்படும், அப்போது முழு ரிப்பேர் செலவையும் அந்த இன்ஸ்டாகிராம் அண்ணன் யாரிடம் கேட்பார் என்று நினைக்கிறீர்கள்? யாராவது அடிபட்டிருந்தால் இன்னும் சிக்கல். அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி அதைத் திருப்பி வசூலிக்க வழக்குப் போடலாம், கிரிமினல் வழக்கோ ஓட்டியவர் மேல்தான் விழும்.

வெள்ளை பிளேட் ஆட்கள் சாவியைக் கொடுக்கும்போது ஒரு பாடமும் சொல்லிக்கொடுப்பார்கள்: "யாராவது கேட்டா ஃபிரெண்டோட கார்னு சொல்லுங்க." இதைக் கேட்டதும் அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் அனுப்புவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. வண்டியின் பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசின் வாகன விவர ஆப்பான எம்பரிவாகனில் போடுங்கள். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, எஃப்சி இருக்கிறதா, புகைச் சான்று இருக்கிறதா எல்லாம் வரும். "எந்த வண்டி வரும்னு அன்னிக்குத்தான் தெரியும் சார்" என்று பதில் வந்தால், சரி, கறுப்பு பிளேட்தான் என்று வாட்ஸாப்பில் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். ஒழுங்கான ஆள் இரண்டு நிமிஷத்தில் எழுதிவிடுவார். மழுப்புகிற ஆளை விட்டுவிடுங்கள்.

கவுண்டரில் ஏன் இரண்டு மடங்கு என்றும் கேட்டிருந்தீர்கள். விமான நிலையத்துக்குள் இடத்துக்கு வாடகை, கம்பெனி பெயர், ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள், வண்டி நின்றால் மாற்று வண்டி. இதெல்லாம் உங்களுக்கு வேண்டும் என்றால் கொடுக்கலாம். நாலு இளைஞர்கள் பகலில் இறங்குகிறீர்கள் என்றால், கறுப்பு பிளேட் வைத்திருக்கிற உள்ளூர்க்காரரே போதும் என்பது என் கட்சி.

சென்னை வாசகி: டாபோலிம், மோபா என்று இரண்டு விமான நிலையம் காட்டுகிறது. டிக்கெட் மோபாவுக்குத்தான் மலிவு. கார் எடுப்பதாக இருந்தால் எதில் இறங்குவது நல்லது?

நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதை எழுதவில்லையே. அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டாபோலிம் பழைய விமான நிலையம், வாஸ்கோ பக்கம், கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, தெற்குக் கோவாவுக்கு வசதி. மோபா வடகோடியில், பெர்ணெம் தாலுகாவில், 2023 ஜனவரியில் விமானங்கள் இறங்க ஆரம்பித்த புது இடம். பணஜிக்கு டாபோலிமிலிருந்து 30 கிலோமீட்டருக்குள், மோபாவிலிருந்து 35 வாக்கில், அதனால் பணஜியிலோ கலங்குட், பாகா பக்கமோ தங்குகிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வடக்கே அரம்போல், மோர்ஜிம் என்றால் மோபாதான். தெற்கே பாலோலெம், அகோந்தா போகிறவர் மோபாவில் இறங்கினால் கோவாவை வடக்கிலிருந்து தெற்கு வரை முழுசாகக் கடக்க வேண்டும், சுமார் 100 கிலோமீட்டர். டாபோலிமில் இருந்து அதே இடம் 60 கிலோமீட்டர் வாக்கில்தான்.

டிக்கெட்டில் மிச்சமான பணத்தை அங்கே பெட்ரோலிலும் நேரத்திலும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் தாங்களே ஓட்டக் கார் எடுக்கிறவர்களுக்கு மோபா அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து தார்கல் பக்கம் என்எச் 66-இல் கொண்டுவந்து விடுகிற இணைப்புச் சாலை நன்றாக இருக்கிறது, அப்புறம் தேசிய நெடுஞ்சாலை. தெற்கே போகிற வழியில் ஜுவாரி ஆற்றின் மேல் புதுப் பாலமும் முழுசாகத் திறந்துவிட்டதால், முன்பு அங்கே மணிக்கணக்கில் நின்ற நெரிசல் இப்போது இல்லை.

பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். வண்டிக்காரரிடம் "கோவா ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோபாவில் இறங்கினால், அவர் டாபோலிமில் நின்றுகொண்டிருப்பார். டிக்கெட்டில் ஜி.ஓ.ஐ. என்றிருந்தால் டாபோலிம், ஜி.ஓ.எக்ஸ். என்றிருந்தால் மோபா. அந்த மூன்றெழுத்தைப் பார்த்து, விமான எண்ணோடு அனுப்பிவிடுங்கள். போகும்போது ஒன்று, வரும்போது இன்னொன்று என்று டிக்கெட் போட்டிருந்தால், இன்னொரு விமான நிலையத்தில் வண்டியை விடுவதற்கு எவ்வளவு தனியாகக் கேட்பார்கள் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஏர்போர்ட் டெலிவரிக்கு ஒரு தொகை, பார்க்கிங் சீட்டு உங்கள் கணக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல் என்றால் இன்னொரு தொகை என்று 900 ரூபாய் வண்டிக்கு வால் நீளும். நாள் வாடகையை மட்டும் ஒப்பிடாமல், "எல்லாம் சேர்த்து, கடைசி நாள் சாவி கொடுக்கும் வரை எவ்வளவு?" என்று கேட்டு அந்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

ராத்திரி விமானமாக இருந்தால் இன்னொரு யோசனை. அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள். பார்க்கிங் விளக்கு வெளிச்சத்தில் கீறல் ஒன்றும் தெரியாது, புது வண்டி, புது ரோடு, களைப்பு. ப்ரீபெய்ட் டாக்ஸியில் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு, காலையில் ஹோட்டல் வாசலுக்கு வண்டியை வரச் சொல்லுங்கள். வாடகை 24 மணி நேரக் கணக்கு என்பதால் ஒரு நாள் வாடகை மிச்சமாவதும் உண்டு. பகலில் இறங்கித் தனியாகப் போகிறவர் என்றால் கதம்பா போக்குவரத்துக் கழகப் பேருந்து விமான நிலையத்திலிருந்தே இருக்கிறது, டாக்ஸியில் கொடுப்பதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

திருச்சி வாசகர்: முன்பணமாக 5,000 ரூபாயும் ஒரிஜினல் ஆதாரும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

முன்பணம் கொடுக்கலாம், ஒரிஜினல் ஆதார் வேண்டாம். திரும்பி வரும்போது விமானம் ஏற உங்களுக்கே அடையாள அட்டை வேண்டும், அதை அவர் கையில் கொடுத்துவிட்டால் பேரம் முழுக்க அவர் பக்கம் போய்விடும். பம்பரில் ஒரு கோடு, பத்தாயிரம் கொடுத்தால்தான் ஆதார் என்று செக்-இன் மூடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் சொன்னால் என்ன செய்வீர்கள்? நகல் கொடுங்கள், அதுவும் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாராக இருக்கட்டும், ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டத்தான் வேண்டும், அவர் படம் எடுத்துக்கொள்ளட்டும், அட்டை உங்கள் பர்ஸிலேயே இருக்க வேண்டும். வழியில் போலீஸ் கேட்டால் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் காட்டினாலும் செல்லும்.

முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐ-யில் அனுப்புங்கள், குறிப்பில் "திருப்பித் தரவேண்டிய டெபாசிட்" என்று எழுதுங்கள். கிரெடிட் கார்டில் தொகையை நிறுத்திவைக்கிற கம்பெனி என்றால் இன்னும் நல்லது, தகராறு வந்தால் வங்கியில் ஆட்சேபிக்க வழி இருக்கும். எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: போன மாதம் கோவாவில் எடுத்த காரைத் திருப்பிக் கொடுத்தபோது முன் பம்பரின் அடியில் உராய்ந்திருக்கிறது என்று 8,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அது நான் எடுக்கும்போதே இருந்தது என்று நினைக்கிறேன். நிரூபிக்க ஒன்றும் இல்லை. பணம் கிடைக்குமா?

"நினைக்கிறேன்" என்று எழுதிவிட்டீர்களே. முழுசாகக் கிடைப்பது கஷ்டம், ஆனால் சும்மா விட வேண்டியதும் இல்லை. முதலில் ரிப்பேர் பில் கேளுங்கள். பிடித்தது 8,000 என்றால் 8,000-க்கு ஜிஎஸ்டி பில் எங்கே, பெயின்ட் அடித்த படம் எங்கே? அந்தக் கீறலை ரிப்பேரே செய்யாமல் அடுத்தடுத்த வாடிக்கையாளரிடம் அதற்கே காசு வாங்குகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்தீர்களா என்றும் கேளுங்கள். செய்திருந்தால் உங்களிடம் முழுத் தொகையையும் வாங்குவது எப்படி நியாயம்? எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இதற்காகக் கோவாவுக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 8,000 ரூபாய்க்கு இவ்வளவு செய்வதா என்பது உங்கள் இஷ்டம். நோட்டீஸ் போனதுமே பாதித் தொகைக்குப் பேச வருகிறவர்கள் உண்டு என்பதால் மின்னஞ்சலாவது அனுப்பிப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு: சாவி வாங்கும்போது போனை எடுத்து நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வண்டி கொடுக்க வந்த ஆளும் நம்பர் பிளேட்டும் முதலில் வர வேண்டும். அப்புறம் நாலு பக்கமும், நாலு சக்கரத்து ரிம்மும், கண்ணாடியும், கூரையும். முக்கியமாகக் குனிந்து முன் பம்பர், பின் பம்பர் அடிப்பக்கம். தகராறு முக்கால்வாசி அந்த அடிப்பக்கத்தில்தான் கிளம்புகிறது, ஏனென்றால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. உள்ளே கிலோமீட்டர், பெட்ரோல் முள், எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிகிறதா, டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா. அந்த வீடியோவை அங்கேயே அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். "என்ன சார் நம்பிக்கை இல்லையா" என்பார். இருக்கட்டும், அனுப்புங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி வீடியோ. "வண்டி சரியாக வந்து சேர்ந்தது" என்று அவரை ஒரு வரி போடச் சொல்லுங்கள். விமானத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான் எல்லாரும் இதை விடுகிறார்கள், அதனால் சாவி கொடுக்க என்றே முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். எடுத்த நேரமும் விட்ட நேரமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வேகக் கேமரா சலான் சில நாள் கழித்துக்கூட வரும், உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் வாங்கியதை உங்கள் டெபாசிட்டில் கழிக்காமல் இருக்க அந்த நேரக் குறிப்புதான் ஒரே ஆதாரம்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கிற நாட்களுக்கும் வாடகை வாங்குவோம் என்று பலர் போட்டிருப்பார்கள். கதவில் ஒரு சின்ன அடி, ரிப்பேர் 4,000, ஆனால் ஐந்து நாள் நின்றது என்று ஐந்து நாள் வாடகை. அதற்கு உச்சவரம்பு கேளுங்கள், கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். பம்பர் டூ பம்பர் பாலிசி (தேய்மானம் கழிக்காமல் பாகங்களின் செலவைக் கொடுக்கிற இன்சூரன்ஸ்) இருக்கிறதா, இருந்தால் சேதமானால் நான் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று சமாளித்தால் ஏற்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: பெட்ரோல் எப்படி?

கோவாவில் சின்ன ஆட்கள் பலர் ரிசர்வ் விளக்கு எரிகிற நிலையில்தான் வண்டியைக் கொடுப்பார்கள், மிச்சம் வைத்துவிட்டு வந்தால் அது அவர்களுக்கு. முதல் பங்க்கிலேயே டேங்க் நிரப்பிவிடாதீர்கள். நாலு நாளில் 300 கிலோமீட்டர் ஓட்டினால் சின்ன காருக்கு 20 லிட்டர் போதும், பாதி பாதியாகப் போடுங்கள். பெட்ரோல் விலை நம்மூரை விட அங்கே கொஞ்சம் கம்மிதான்.

தஞ்சாவூர் வாசகர்: கோவாவில் எடுத்த காரில் கோகர்ணம், முருடேஸ்வரம் போய் வரலாமா? அப்படியே தூத்சாகர் அருவியும் பார்க்க ஆசை.

கேட்காமல் போகாதீர்கள். கோகர்ணமும் முருடேஸ்வரமும் கர்நாடகம். உள்ளூர் வாடகைக்காரர்கள் பெரும்பாலும் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள், வண்டியில் ஜிபிஎஸ் இருக்கும், போலெம் சோதனைச் சாவடியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் போன் வரும். பர்மிட் கோவாவுக்கு மட்டும் என்றால் எல்லை தாண்டிய வண்டிக்கு அடுத்த மாநில வரி கட்ட வேண்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறும் சேரும். அனைத்திந்திய பர்மிட் வண்டி என்று தனியாகக் கேட்டு, கூடுதல் வாடகை பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். வடக்கே மால்வண், தார்கர்லி போகிறவர்களுக்கும் இதேதான், அது மகாராஷ்டிரம்.

தூத்சாகருக்கு உங்கள் காரே போகாது. குளெம் வரை போய் நிறுத்திவிட்டு, அங்கிருந்து வனத்துறை அனுமதித்த ஜீப்பில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் ஜீப்பும் ஓடாது.

புதுச்சேரி வாசகர்: கார் எல்லாம் எங்களுக்கு ஓவர். ஏர்போர்ட்டிலேயே ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு கிளம்பலாமா? இரண்டு பேர், ஆளுக்கொரு பை.

கிளம்பலாம், ஆனால் கிளம்பாதீர்கள். விமான நிலையத்திலிருந்து தங்குமிடம் வரை லாரிகளோடு தேசிய நெடுஞ்சாலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பேருந்தில் ஊருக்குள் போய், தங்குகிற இடத்தின் பக்கத்தில் எடுங்கள், அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும், ஏர்போர்ட் டெலிவரிக் காசும் இல்லை. கறுப்பு பிளேட் விஷயம் ஸ்கூட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, இருசக்கர வாகனப் பிரிவும் அட்டையில் இருக்க வேண்டும். ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்குங்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம், அபராதம் 1,000 ரூபாய், மூன்று மாதம் உரிமத்தை முடக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடைக்காரர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டாவதற்கு முகம் சுளிப்பார், அதுவும் பட்டை அறுந்ததாக இருக்கும். கூகுள் மேப்பில் கார் என்பதை மாற்றி இருசக்கர வாகனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணஜியில் மாண்டவி நதி மேல் இருக்கிற அடல் சேதுவில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை, கார் வழி காட்டினால் நேராக அதில் ஏற்றிவிடும்.

வேலூர் வாசகர்: என் லைசென்ஸ் இரண்டு வாரம் முன்னால் காலாவதி ஆகிவிட்டது. ஒரு மாதம் சலுகை உண்டு என்கிறார்களே, ஓட்டலாமா?

அந்த 30 நாள் சலுகை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தோடு போய்விட்டது. இன்றே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள், காலாவதி ஆகி ஒரு வருஷத்துக்குள் என்பதால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியிருக்காது. புது அட்டை வரும் வரை வேறு யாராவது ஓட்டட்டும், அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்கிறேன்: கணவர் பெயரில் எடுத்து மனைவி ஓட்டினாலும் சரி, நண்பர்கள் மாறி மாறி ஓட்டினாலும் சரி, ஓட்டப்போகிற எல்லார் உரிமத்தையும் கொடுத்து ஒப்பந்தத்தில் பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலர் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வண்டி தருவதில்லை, வீட்டில் 19 வயசுப் பிள்ளை ஆசைப்பட்டால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சேலம் வாசகி: மாமனார் மாமியார், இரண்டு குழந்தைகள், நானும் கணவரும். டாக்ஸியை விட நாமே ஓட்டுவதுதான் லாபம் என்று கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். உண்மையிலேயே லாபமா?

கோவாவைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓலா, ஊபர் அங்கே ஓடுவதில்லை. கோவாமைல்ஸ் என்று உள்ளூர் ஆப் ஒன்று உண்டு, மற்றபடி டாக்ஸி ஸ்டாண்டில் சொல்வதுதான் விலை, போக வர இரண்டுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். தினம் இரண்டு மூன்று இடம் பார்க்கிற குடும்பத்துக்கு வாடகைக் கார்தான் மிச்சம்.

ஆனால் ஆறு பேர், அதில் இரண்டு பெரியவர்கள், பெட்டிகள். சின்ன காரில் ஆறு பேர் அடைத்துக்கொண்டு போக முடியாது, சட்டப்படியும் கூடாது. எர்டிகா மாதிரி ஏழு பேர் வண்டி எடுக்க வேண்டும், அதில் கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் இடமே இருக்காது. ஆகவே வந்து இறங்குகிற அன்றும் கிளம்புகிற அன்றும் என்ன செய்வது என்பதை முதலில் யோசியுங்கள். நானாக இருந்தால் அந்த இரண்டு நாளும் ப்ரீபெய்ட் டாக்ஸி, நடுவில் ஊர் சுற்றுகிற நாட்களுக்கு மட்டும் ஹோட்டல் வாசலில் வண்டி. கடற்கரையில் சும்மா இருக்கப் போகிற நாளுக்கு வண்டியை வெறுமனே நிறுத்திவைத்து வாடகை கட்டுவது வீண். கலங்குட், பாகா பக்கம் சாயங்காலம் பார்க்கிங் கிடைப்பது பெரும்பாடு, பெரியவர்களை இறக்கிவிட்டு ஒருவர் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருப்பார். தெற்கில், கோல்வா, பெனாலிம் பக்கம் தங்கினால் ஓட்டுவதும் நிறுத்துவதும் நிம்மதி.

அசகாவ், சாலிகாவ் மாதிரி ஊர்களுக்குள் ரோடு குறுகல், இரண்டு பக்கமும் செம்புறாங்கல் மதில், எதிரே ஒரு பேருந்து வந்தால் பின்னால் எடுக்கத் தெரிய வேண்டும். ஏழு பேர் வண்டியைக் கணவர் இதற்கு முன் ஓட்டியிருக்கிறாரா? இல்லை என்றால் டெபாசிட் கணக்கைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசி வாரம் என்றால் இந்தக் கணக்கு எல்லாம் மாறும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வாடகை இரண்டு மூன்று மடங்காகும், குறைந்தது இத்தனை நாள் எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். அந்த வாரத்தில் போவதாக இருந்தால் விமான டிக்கெட் போட்ட அன்றே வண்டியையும் பேசிவிடுங்கள்.

மதுரை வாசகர்: வாடகைக் காரைக் கடற்கரை மணலில் ஓட்டி வீடியோ எடுத்தால் என்ன சார் ஆகும்?

மணலில் சக்கரம் புதையும், அலை ஏறும், டிராக்டர்காரர் இழுக்கக் கேட்கிற தொகை உங்கள் நாலு நாள் வாடகையைத் தாண்டும். கடற்கரையில் வண்டி ஓட்டுவது கோவாவில் குற்றம், போலீஸ் வழக்குப் போட்டு வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள், எடுத்த வீடியோவே சாட்சி. உப்புத் தண்ணீர் போன இன்ஜினுக்குச் சாதாரணப் பாலிசி கை கொடுக்காது, வாடகைக்காரர் முழுச் செலவையும் உங்களிடம்தான் கேட்பார். குடித்துவிட்டு ஓட்டினாலும் இன்சூரன்ஸ் கதை அதேதான், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வீடியோ வேண்டுமானால் வண்டியைத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து போய் எடுங்கள்.